அடுத்தவன் தலைநகரில் நம் தேசிய விழா: லண்டனில் பிரெஞ்சுக்காரர்கள் கூடிய கூட்டங்கள், 1940–42

வண்டிக்காரத்தெரு
இரண்டாம் உலகப்போர் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றபோது சரணடைய மறுத்து லண்டனுக்கு வந்த பிரெஞ்சு ஜெனரல் தெ கோலை 1940 ஜூன் 18 அன்று பி.பி.சி. மைக் முன்னால் உட்கார வைப்பார்கள். அடுத்த பத்தியிலேயே 1944 ஆகஸ்டில் பாரிஸ் தெருவில் நடக்க விட்டுவிடுவார்கள். நடுவில் நான்கு வருடம் இருக்கிறது.

அந்த வருடங்களில் லண்டனில் இருந்த பிரெஞ்சுக்காரர்களைத் திரட்டிப் பெரிய கூட்டங்கள் நடந்திருக்கின்றன. ஆல்பர்ட் ஹால் மாதிரி ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கில் கொடி, மார்செய்யேஸ் என்ற பிரெஞ்சு தேசிய கீதம், ஜெனரலின் உரை எல்லாம் உண்டு. சொந்த நாடு எதிரி கையில், நிற்கிற மண் இன்னொருவனுடையது. இந்த நிலைமையில் ஒரு தேசபக்திக் கூட்டத்தால் என்ன ஆகும்? மனசுக்கு ஆறுதல் என்பதைத் தாண்டி உண்மையில் ஏதாவது நடந்ததா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம், எந்தத் தேதி, எந்த இடம் என்று சொன்னால் நல்லது.

நூலகத்துப் பல்லி
நல்ல கேள்வி. ஆல்பர்ட் ஹாலுக்குப் போவதற்கு முன்னால் 1940 ஜூலை 14-ஐப் பார்த்துவிடலாம். அது எவ்வளவு சின்னக் கூட்டம் என்று தெரிந்தால்தான் பின்னால் வந்த பெரிய கூட்டங்களின் கனம் புரியும்.

அந்த ஜூனில் பிரிட்டனில் பிரெஞ்சுச் சிப்பாய்களும் மாலுமிகளும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நார்வே சண்டையிலிருந்து திரும்பியவர்கள், டன்கர்க்கிலிருந்து வந்தவர்கள், துறைமுகங்களில் நின்ற கப்பல்களின் ஆட்கள். அவர்களில் பெரும்பாலோர் தெ கோலோடு சேரவில்லை, ஊருக்குத் திரும்பவே கேட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சு அந்நியர் படையின் 13-வது அரைப்படைப் பிரிவிலிருந்து சுமார் 900 பேர் தங்கியதே பெரிய காரியமாகப் பேசப்பட்டது. ஜூலை 3 அன்று அல்ஜீரியத் துறைமுகமான மெர்ஸ்-எல்-கெபீரில், ஜெர்மனி கையில் சிக்கிவிடக்கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படையே பிரெஞ்சுக் கப்பல்களைச் சுட்டது. 1,297 பிரெஞ்சுக்காரர்கள் செத்தார்கள்.

அது நடந்து 11 நாள் கழித்து, அதே பிரிட்டனின் தலைநகரில் பிரெஞ்சு தேசிய நாள் கொண்டாட வேண்டும். உங்கள் ஆட்களைக் கொன்றவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் வீட்டுத் திருநாளைக் கொண்டாடுகிறீர்கள். தெ கோல் அதைச் செய்தார். கைவசம் இருந்த தொண்டர்களை அணிவகுக்க வைத்துப் பார்வையிட்டார். விக்டோரியா ஸ்டேஷன் பக்கத்தில் குதிரை மேல் இருக்கும், முதல் உலகப்போர்த் தளபதி மார்ஷல் ஃபோஷ் சிலைக்கு மலர்வளையம் வைத்தார். வந்திருந்த கூட்டம் மார்செய்யேஸ் பாடியது. ஜூலை கடைசியிலும் அவரிடம் இருந்த ஆட்கள் 7,000 அளவில்தான்.

கணக்குப்பிள்ளை
7,000 பேரை வைத்துக்கொண்டு "நான்தான் பிரான்ஸ்" என்று சொன்னால் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். சர்ச்சில் அவரை ஏற்றுக்கொண்டதால் கூட்டம் நடந்தது. மண்டபம் அவர்கள் கொடுத்தது, சோறு அவர்கள் போட்டது. இதில் என்ன தேசபக்தி? ஒரு அரசாங்கத்தின் போர்ப் பிரசாரத்துக்கு இன்னொரு நாட்டுக்காரர்கள் மேடை அலங்காரம் ஆனார்கள். அவ்வளவுதானே?

கீழவாசல் மீனா
கணக்குப்பிள்ளை சார், நான் காரைக்கால்காரி. எங்கள் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். 1940 செப்டம்பரில் புதுச்சேரி ஆளுநர் லூயி பொன்வேன், ஜெர்மனியோடு சமரசம் செய்துகொண்ட பிரான்சின் விஷி அரசைக் கைகழுவிவிட்டு தெ கோல் பக்கம் சேர்ந்தார். புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சுதந்திர பிரான்ஸ், அதாவது தெ கோலின் இயக்கத்தின் பக்கம், ஆனது. சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருக்கும்போது வேறு வழியும் இல்லை, அது உண்மைதான். அரிசி வருவதும் அவர்கள் வழியாகத்தான், ரயில் வருவதும் அவர்கள் வழியாகத்தான். ஆனாலும் சேர்ந்தது சேர்ந்ததுதான். பொன்வேனுக்குப் பிற்பாடு தெ கோல் ஏற்படுத்திய "விடுதலைத் தோழர்" விருது கிடைத்தது.

லண்டனில் தெ கோல் யாருக்காகப் பேசினார் என்றால், அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்காக மட்டும் இல்லை. சாட், கமரூன், பசிபிக் தீவுகள், எங்கள் காரைக்கால் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. ஆள் குறைவுதான், ஆனால் கால் ஊன்ற அவருக்கு மண் இருந்தது.

நூலகத்துப் பல்லி
மீனா சொன்னது முக்கியமான இடம். கணக்குப்பிள்ளையின் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அதற்குப் பதில் 1941 நவம்பர் 15-ல் இருக்கிறது என்பது என் எண்ணம். நான் அறிந்தவரையில் இந்த இழையின் கேள்விக்கு நேராகப் பொருந்துகிற கூட்டம் அதுதான்.

அன்றைக்கு ஆல்பர்ட் ஹாலில் கூடியவர்கள் பிரிட்டனில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்கள். சீருடைக்காரர்கள் மட்டும் இல்லை, சோஹோ பக்கம் ஓட்டல் நடத்தியவர்கள், ஆசிரியர்கள், தையற்காரர்கள், போருக்கு முன்பே வந்து குடியேறிய குடும்பங்களும்தான். சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால், அக்டோபர் 22 அன்று, நாந்த் நகரின் ஜெர்மன் தளபதி கொல்லப்பட்டதற்குப் பழியாகப் பிணைக்கைதிகளைச் சுட்டுத்தள்ளினார்கள். ஷத்தோப்ரியானில் மட்டும் 27 பேர். அக்டோபர் 31 அன்று மாலை 4 மணிக்கு எல்லாரும் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள் என்று தெ கோல் ரேடியோவில் கேட்டிருந்தார். அந்தச் சூட்டோடு வந்த கூட்டம் இது.

அன்றைய உரையில் அவர் மூன்று வாசகங்களை அடுத்தடுத்து வைத்தார். முதலில் "மானமும் தாயகமும்". இது ஆரம்பத்திலிருந்தே அவர் இயக்கத்தின் வாசகம், படையில் எழுதிய வாசகம். பிறகு "சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்". மூன்றாவதாக "விடுதலை".

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். சுதந்திரம் சமத்துவம் என்பதை விஷி அரசின் தலைவர் பெத்தேன் தூக்கி எறிந்துவிட்டு "உழைப்பு, குடும்பம், தாயகம்" என்று நாணயத்தில் அடித்துக்கொண்டிருந்தார். முதல் ஒன்றரை வருடம் தெ கோலும் குடியரசு வாசகத்தைக் கையில் எடுக்காமல் ஒதுங்கியே இருந்தார். அவர் மன்னராட்சிக்காரரோ, இன்னொரு சர்வாதிகாரியோ என்று லண்டனில் இருந்த சோஷலிஸ்டுகள் சந்தேகப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவர் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் அதை வாய்விட்டுச் சொன்னார். அறைக்குள் நாலு பேரிடம் சொன்னால் நாளைக்கு மறுக்கலாம். கூட்டத்தில் சொன்னதை மறுக்க முடியாது. தேசபக்திக் கூட்டம் கூட்டத்தைக் கட்டிப்போடும் என்று நினைப்போம், இங்கே மேடையில் நின்றவரைக் கட்டிப்போட்டது.

தன் கொள்கையின் முதல் விதி போர் செய்வது என்று சொன்னதும் அதே உரையில்தான். அரசியல் எல்லாம் அப்புறம் என்று சொல்லிக்கொண்டே அரசியல் பேசிய உரை.

அரைக்கால்சட்டை
பல்லி அண்ணா, ஒரு சந்தேகம். அங்கே பேசியது ஊருக்குள் போய்ச் சேர்ந்ததா? அரங்கம் லண்டனில், கேட்க வேண்டியவர்கள் பிரான்சில்.

நூலகத்துப் பல்லி
பி.பி.சி. பிரெஞ்சு ஒலிபரப்பு தினமும் போய்க்கொண்டிருந்தது தம்பி. சுதந்திர பிரான்சுக்கு என்று தனியாகத் தினம் ஐந்து நிமிடம் இருந்தது, மோரிஸ் ஷூமான் பேசுவார். லண்டன் கூட்டங்களின் செய்தி அந்த வழியாகப் போகும். 1940 ஜூன் 18 உரையைக் கேட்டவர்களே குறைவு, அதன் ஒலிப்பதிவும் மிஞ்சவில்லை. 1941–42க்குள் நிலைமை மாறி, தடையை மீறிக் கதவைச் சாத்திக்கொண்டு லண்டனைக் கேட்பது வீட்டுக்கு வீடு பழக்கமாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை
சரி, வந்தவர்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. வராதவர்களைப் பற்றி யாராவது எழுதுகிறீர்களா? இல்லை என்றால் நான் எழுதுகிறேன்.

போர்ப் பொருள் கொள்முதலைக் கவனித்த பிரெஞ்சுக்காரர் ழான் மொனே லண்டனில்தான் இருந்தார். பிரிட்டிஷ் மண்ணில் பிரிட்டிஷ் தயவில் ஓர் இயக்கம் தொடங்கினால் பிரான்சில் எவனும் நம்ப மாட்டான் என்று 1940-லேயே சொல்லிவிட்டு வாஷிங்டன் போய்விட்டார். நான் மேலே கேட்டதைத்தான் அவரும் கேட்டார். வெளியுறவுத் துறையின் பெரிய அதிகாரியாக இருந்த அலெக்சிஸ் லேஜே அமெரிக்காவுக்குப் போனார், கடைசி வரை சேரவில்லை. நியூயார்க்கில் இருந்த எழுத்தாளர் சேன்-தெக்சுபேரி இரண்டு பக்கமும் ஒட்டாமல் நின்றார். லண்டனிலேயே தினசரி ஒன்று பிரெஞ்சில் வந்தது, அதன் ஆசிரியர் பியேர் கொமேர் தெ கோலின் ஆள் இல்லை. சிந்தனையாளர் ரேமோன் ஆரோன் லண்டனில் ஒரு மாத இதழின் ஆசிரியர் வேலையைப் பார்த்தார். 1943-ல் தெ கோலைப் பெயர் சொல்லாமல் நெப்போலியன் வம்சத்தோடு ஒப்பிடுகிற மாதிரிக் கட்டுரை எழுதினார். அட்மிரல் முசெலியே, லொரேன் சிலுவையை இயக்கத்தின் சின்னமாக்கலாம் என்று சொன்னவர், அவரே 1942-ல் சண்டை போட்டுக்கொண்டு விலகினார்.

ஆக, "லண்டன் பிரெஞ்சுக்காரர்கள் ஒன்றுகூடினார்கள்" என்று எழுதும்போது எந்த பிரெஞ்சுக்காரர்கள் என்று கேட்க வேண்டும். கைதட்டுகிறவர்களை மட்டும் அழைத்தால் எல்லாக் கூட்டமும் ஒற்றுமையாகத்தான் தெரியும்.

வண்டிக்காரத்தெரு
இது சரியான குத்து. நம் ஊர் மாநாடுகள் ஞாபகம் வருகிறது, மேலே சொல்ல வேண்டாம்.

தேம்ஸ்கரை
நான் லண்டனில் இருக்கிறேன். இடம் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. விக்டோரியா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து எதிர்ப்பக்கம் போனால் குரோவ்னர் தோட்டம், முக்கோண வடிவில் சின்ன இடம். ஃபோஷ் சிலை அங்கேதான். மதிய நேரத்தில் அலுவலகக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார்கள், மேலே இருப்பது யார் என்று ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் கிளிஞ்சல் ஒட்டிய இரண்டு குடில்கள் இருக்கின்றன. அவை போருக்கு அப்புறம் 1952-ல் வந்தவை, 1940-ல் கிடையாது.

சோஹோவில் டீன் தெருவில் ஒரு மதுக்கடை இருக்கிறது, சுதந்திர பிரான்ஸ் ஆட்கள் கூடிய இடம். ஜூன் 18 உரையையே தெ கோல் இங்கே உட்கார்ந்துதான் எழுதினார் என்று ஒரு கதை உலவுகிறது. முந்தைய நாள்தான் விமானத்தில் வந்து இறங்கிய மனிதர், மறுநாள் இரவு ரேடியோவில் பேசியவர், நடுவில் சோஹோ மதுக்கடையில் உட்கார்ந்து எழுதினார் என்றால் என்னால் நம்ப முடியவில்லை. லீஸ்டர் சதுக்கம் பக்கத்திலுள்ள பிரெஞ்சு மாதா கோவிலில் 1940 நவம்பரில் குண்டு விழுந்தது. கூடுவதற்கு என்று அவர்களுக்கு இருந்த இடங்களில் அதுவும் ஒன்று.

நூலகத்துப் பல்லி
கணக்குப்பிள்ளை எழுதிய பட்டியல் சரியானது, நான் அதில் எதையும் மறுக்கப்போவதில்லை. ஆனால் "கைதட்டுகிறவர்களை மட்டும் அழைத்தார்கள்" என்பது மட்டும் இடிக்கிறது. கைதட்டுவதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1940 ஜூலையில் விஷி ஒரு சட்டம் போட்டது. மே 10-க்கும் ஜூன் 30-க்கும் இடையில் தகுந்த காரணமின்றி நாட்டைவிட்டுப் போனவர்களின் குடியுரிமையைப் பறிக்கலாம், சொத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் தெ கோலுக்கு அவர் இல்லாமலேயே மரண தண்டனை. ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு வந்தவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நாம் லெக்லேர் என்று அறிந்திருக்கும் தளபதியின் சொந்தப் பெயர் ஃபிலிப் தெ ஓத்க்லோக். அப்படி ஒரு நிலைமையில் ஒரு பொது அரங்கில், பத்திரிகை கேமராக்கள் முன்னால் போய் உட்காருவது சும்மா இல்லை.

திரும்பிப் போகிறேன் என்றவர்களுக்கும் பாதை சுகமாக இல்லை. 1940 ஜூலை 24 அன்று ஊர் திரும்பும் பிரெஞ்சு மாலுமிகளை ஏற்றிக்கொண்டு போன மெக்னேஸ் என்ற கப்பலை ஜெர்மன் டார்பிடோ படகு மூழ்கடித்தது. 400 பேர் அளவில் இறந்தார்கள். இவர்களுக்காகக் கொடி பிடித்தவர் யாரும் இல்லை, இரண்டு பக்கக் கதையிலும் இவர்கள் சேரவில்லை.

கீழவாசல் மீனா
மெக்னேஸ் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பாவம்.

நூலகத்துப் பல்லி
அடுத்த கூட்டம் 1942 ஜூன் 18, மறுபடியும் ஆல்பர்ட் ஹால். இரண்டாம் ஆண்டு நிறைவு. இதுதான் இவர்களுடைய நல்ல நாள். ஒரு வாரம் முன்னால்தான் லிபியப் பாலைவனத்தில் பீர் ஹக்கேமில் தெ கோலின் தளபதி கோனிக் தலைமையில் சுமார் 3,700 பேர் ஜெர்மன் தளபதி ரோம்மலின் படையை இரண்டு வாரம் தடுத்து நிறுத்திவிட்டு, முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தார்கள். முதல்முறையாகக் காட்டுவதற்கு ஒரு சண்டை கிடைத்தது.

தெ கோல் பேச்சைத் தொடங்கிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஷாம்ஃபோரின் வரி ஒன்றை எடுத்தார். விவேகிகள் நீடித்தார்கள், வேகம் கொண்டவர்கள் வாழ்ந்தார்கள் என்ற பொருளில் வரும். நாங்கள் வேகக்காரர்கள், இரண்டு வருடமாக நிறைய வாழ்ந்துவிட்டோம், கூடவே நீடித்தும் இருக்கிறோம், அப்படியானால் நாங்கள் எவ்வளவு விவேகிகள் என்று திருப்பிப் போட்டார். பைத்தியக்காரர்கள் என்று இரண்டு வருடமாகப் பேச்சு வாங்கியவர்களுக்கு அந்த ஆரம்பம் எப்படி இனித்திருக்கும்!

பீர் ஹக்கேமில் நம் ஆட்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பக்கத்தில் இருந்த 3-வது இந்திய மோட்டார் பிரிகேடை முதல் நாளே இத்தாலிய டாங்கிகள் நொறுக்கிவிட்டன. பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் சுமார் 600 பேரைப் பாலைவனத்தில் விட்டுவிட்டார்கள், அவர்கள் தண்ணீரில்லாமல் நடந்து பீர் ஹக்கேமுக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே ஏற்கனவே அளந்து குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பங்கு போட வேண்டியிருந்தது.

அரைக்கால்சட்டை
பீர் ஹக்கேமில் சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் பிரான்சில் பிறந்தவர்கள்? நான் படித்தவரையில் மத்திய ஆப்பிரிக்க உபாங்கி-ஷாரி பட்டாலியன் இருந்தது, பசிபிக் தீவுக்காரர்களின் பட்டாலியன் இருந்தது, அந்நியர் படையில் ஸ்பெயின்காரர்கள், நாஜிகளிடமிருந்து தப்பிய ஜெர்மானியர்கள் கூட இருந்தார்கள். சுதந்திர பிரான்சுக்கு முதல் பெரிய நிலப்பரப்பைக் கொண்டுவந்து சேர்த்த சாட் ஆளுநர் ஃபெலிக்ஸ் எபூவே கறுப்பினத்தவர், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கயேன் ஊரில் பிறந்தவர். லண்டனில் கைதட்டல் வாங்கிய பிரான்சும் பாலைவனத்தில் ரத்தம் சிந்திய பிரான்சும் ஒன்றா?

கணக்குப்பிள்ளை
தம்பி என் வேலையை மிச்சப்படுத்திவிட்டான். இவர்கள் பாடிய சுதந்திரமும் சமத்துவமும் உபாங்கிக்காரனுக்கு எப்போது வந்தது என்று பார்த்தால் 1960. புதுச்சேரிக்கு? மீனா அம்மாவே சொல்லட்டும்.

கீழவாசல் மீனா
1954 நவம்பர் 1. அதுவும் சும்மா வரவில்லை. ஆனால் சார், போன தலைமுறையில் எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்கள் ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு போவார்கள். ஏமாந்தவர்கள் என்று அவர்களை ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனசு வராது. தாங்களும் அதில் பங்குதாரர்கள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

நூலகத்துப் பல்லி
கடைசியாக 1942 நவம்பர் 11. வண்டிக்காரத்தெரு கேட்ட "உண்மையில் ஏதாவது நடந்ததா" என்பதற்கு இந்த நாளை வைத்துத்தான் நான் பதில் சொல்வேன்.

மூன்று நாள் முன்னால், நவம்பர் 8 அன்று, அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் வட ஆப்பிரிக்காவில் இறங்கினார்கள். பிரெஞ்சு மண்ணில் இறங்கப்போவதை தெ கோலிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. ரூஸ்வெல்ட் அவரை நம்பவில்லை, ஜெர்மன் சிறைக்கோட்டையிலிருந்து தப்பிய ஜெனரல் ஜிரோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அல்ஜியர்ஸில் தற்செயலாக இருந்த விஷித் தளபதி அட்மிரல் தர்லானோடு பேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 11 காலையில் ஜெர்மன் படை தெற்கு பிரான்சுக்குள்ளும் நுழைந்துவிட்டது. 1918 வெற்றியின் நினைவு நாள் அது என்பதையும் மறக்காதீர்கள்.

அன்றைக்கு ஆல்பர்ட் ஹாலில் கூட்டம். ஓர் அரங்கம் நிறைய மனிதர்கள், ஒவ்வொருவர் மனசிலும் ஒரே கேள்வி: இனி நாம் யார்? அமெரிக்கா வேறு ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டது, நம்மைக் கலைத்துவிடுவார்களா?

தெ கோல் பேசினார். பிரெஞ்சு ஒற்றுமை எதைச் சுற்றிக் கட்டப்படும் என்று கேட்டு, சண்டையை ஒருபோதும் நிறுத்தாதவர்களைச் சுற்றித்தான், அதாவது எங்களைச் சுற்றித்தான் என்று பதிலும் சொன்னார். அப்போது ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் எழுந்து, ஜிரோவின் தலைமையை ஏற்றுக்கொண்டுவிடுங்கள் என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் அந்த மனிதரை இருக்கையிலிருந்து பிடுங்கி, கூச்சல் போட்டு வெளியே தள்ளினார்கள். எதிரிகள் கிளப்பிய வதந்தி அல்ல இது, தெ கோலே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை
இதைச் சொன்னதற்கு நன்றி. ஒரு வருடம் முன்னால் அதே மண்டபத்தில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். இப்போது மாற்றுக் கருத்து சொன்ன கிழவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே. சகோதரத்துவம் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. ஆரோன் பயந்ததில் நியாயம் இருக்கிறதா இல்லையா?

நூலகத்துப் பல்லி
நியாயம் இருக்கிறது. தள்ளியது தப்பு, அதை நான் அழகுபடுத்த மாட்டேன். ஆனால் அவர் கேட்டதை அந்தச் சபை ஏற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பாருங்கள். ஜிரோவுக்குப் போரில் ஜெயிப்பது ஒன்றே குறி, விஷியின் சட்டங்களைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. 1943 வசந்தம் வரை அல்ஜியர்ஸில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் கிடந்தன. தர்லான் டிசம்பர் 24 அன்று கொல்லப்பட்டார், அவர் இடத்துக்கு ஜிரோ வந்தார், அப்போதும் அவை தொடர்ந்தன. லண்டன்காரர்கள் விட்டுக்கொடுத்திருந்தால், விஷி பெயரை மாற்றிக்கொண்டு நேச நாடுகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கூட்டம் கைதட்டியதால் ரூஸ்வெல்ட் மனம் மாறிவிடவில்லை. ஆனால் தெ கோலைக் கழற்றிவிட்டால் இவர்கள் எல்லாரும் ஜிரோவிடம் போய்விடுவார்கள் என்ற கணக்கு பலிக்காது என்பது லண்டன் பத்திரிகைகளுக்கும் பிரிட்டிஷ் அமைச்சர்களுக்கும் கண்ணெதிரே தெரிந்தது. தர்லான் பேரத்தை பிரிட்டிஷ் பத்திரிகைகளும் எம்.பி.க்களும் கிழித்தார்கள். பிரான்சுக்குள்ளிருந்து எதிர்ப்பு இயக்கங்களும் தெ கோலுக்கு ஆதரவாகச் செய்தி அனுப்பின. அவர் 1943 மே 30 அன்று அல்ஜியர்ஸ் போய் இறங்கினார், ஜூன் 3 அன்று பிரெஞ்சு தேசிய விடுதலைக் குழுவில் ஜிரோவோடு கூட்டுத் தலைவராக உட்கார்ந்தார், நவம்பருக்குள் ஜிரோ அந்தக் குழுவிலேயே இல்லை.

கணக்குப்பிள்ளை
இந்த வாதத்தை ஏற்கிறேன், பாதி. கூட்டத்தால் பேரம் பேசும் பலம் வந்தது, சரி. தேசத்தின் குரல் அங்கே கேட்டது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அந்த மண்டபத்தில் ஓட்டுப்பெட்டி எதுவும் இல்லை.

நூலகத்துப் பல்லி
விஷியிலும் இல்லை சார்.

வண்டிக்காரத்தெரு
எல்லாருக்கும் நன்றி. அமெரிக்கப் பக்கத்தை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா? 1940-ல் பிலடெல்பியாவில் யூஜேன் ஊத்ரி தொடங்கிய "ஃப்ரான்ஸ் ஃபார்எவர்" என்ற சங்கம் அமெரிக்க நகரங்களில் இதே மாதிரி கூட்டங்கள் நடத்தியது. ஊத்ரி அரசியல்வாதி இல்லை, கனமான எண்ணெயை வினையூக்கி கொண்டு உடைத்துப் பெட்ரோலாக மாற்றும் முறையை உருவாக்கிய பொறியாளர். அங்கே விருந்தோம்பிய அரசாங்கமே தெ கோலுக்கு எதிராக இருந்ததால் கதை இன்னும் சிக்கலாக இருக்கும். தனி இழையாகத் தொடங்குகிறேன். கணக்குப்பிள்ளை சார், அங்கேயும் வந்துவிடுங்கள், நீங்கள் இல்லாமல் சுவாரசியம் இருக்காது.